விந்து நன்றாக இருக்கிறது, சினை மட்டும் ஏன் பிடிப்பதில்லை?

கேள்வி: எங்கள் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பொலிகுதிரையின் விந்தை இரண்டு முறை சோதித்தோம். எண்ணிக்கை, நகர்வு, வடிவம் எல்லாம் சரி என்கிறார்கள். ஆனாலும் சேர்த்த பெண் குதிரைகளில் பெரும்பாலானவை சினை பிடிக்கவில்லை. மரபணுச் சோதனையால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எந்தச் சோதனை என்பதை உங்கள் இனச்சேர்க்கைப் பதிவேடுதான் சொல்லும். 14-ஆம் நாளையொட்டிய ஸ்கேனில் சினையே தெரியவில்லையா, தெரிந்து பிறகு கலைந்ததா என்று பாருங்கள்.

சினையே தெரியவில்லை என்றால், வயதான பெண் குதிரைகளையும் நாள் தவறிச் சேர்த்தவற்றையும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். முன்பு குட்டி ஈன்ற இளம் குதிரைகளிலும் தங்கவில்லையா? அப்படியானால் எஃப்கேபிபி6 என்ற மரபணுவைப் பார்க்க வேண்டும். விந்தணுவின் தலையை அக்ரோசோம் என்ற உறை தொப்பிபோல மூடியிருக்கும். கருமுட்டையை நெருங்கும்போது அது திறந்து நொதிகளை வெளிவிட்டால்தான் விந்தணு உள்ளே நுழைய முடியும். இந்த மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவம் தாய், தந்தை இரு வழியிலும் வந்த குதிரைகளில் அந்த உறை சரியாகத் திறக்காமல் போகும் அபாயம் அதிகம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரோபிரெட் குதிரைகளில் இந்தத் தொடர்பைக் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த விந்தணுக்கள் சுறுசுறுப்பாகவே ஓடும். வழக்கமான சோதனை இங்கேதான் ஏமாந்துபோகிறது.

இந்த மரபணுச் சோதனைக்கு வேரோடு பிடுங்கிய பிடரி மயிர் போதும். உறை உண்மையிலேயே திறக்கவில்லையா என்பதை விந்தில் கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து ஆய்வகத்தில் உறுதி செய்யலாம்.

சினை பிடித்துச் சில வாரங்களில் கலைகிறது என்றால் மயிர்ச் சோதனையில் பணம் போடாதீர்கள். குதிரைக்கு 64 குரோமோசோம்கள். அவற்றில் இரண்டு தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் பொலிகுதிரை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் கருக்களில் பல தொடக்கத்திலேயே அழியும். இதைக் கண்டுபிடிக்க உறையாத புது ரத்தத்தில் குரோமோசோம் ஆய்வு செய்ய வேண்டும்.

பந்தயச் சாதனையைப் பார்த்தே பொலிகுதிரையைத் தேர்வு செய்வதால் இப்படிப்பட்ட குறைகள் முன்கூட்டியே கண்ணில் படுவதில்லை. தொடர்ந்து 16 பந்தயங்களில் வென்ற அமெரிக்கக் குதிரை சிகார் இனப்பெருக்கத்துக்கு வந்தபோது, சேர்த்த 34 பெண் குதிரைகளில் ஒன்றுகூட சினையாகவில்லை.

சரி, எஃப்கேபிபி6 குறை உறுதியானால்? மருந்து கிடையாது. அதே சமயம் முழு மலடும் இல்லை. அவ்வப்போது சினை பிடிக்கும். மற்ற இனங்களில் விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தி இந்தத் தடையைத் தாண்டலாம். தரோபிரெட் பதிவு விதிகள் நேரடி இனச்சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே ஏற்கும் என்பதால் உங்களுக்கு அந்த வழி இல்லை. பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இந்த வடிவத்தின் ஒரு பிரதி கட்டாயம் போகும். தாயும் ஒன்றைக் கொடுத்தால் ஆண் குட்டிக்கும் நாளை இதே சிக்கல் வரலாம். அதனால் சேர்க்கும் முன் பெண் குதிரைகளின் மயிரையும் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.