ஸ்டாண்டு சொல்பவர்கள், டிம் அடிக்காதவர்கள்

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பைக்கில் திருப்பூர் போய் வருகிறேன். ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஓடுவது. ராத்திரி எட்டரைக்குக் கிளம்பினால் எதிரே வருகிற வண்டியெல்லாம் பிரைட்டில்தான் வருகிறது, ஒருத்தரும் டிம் அடிப்பதில்லை. சிக்னலில் பச்சை விழ மூன்று செகண்ட் இருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன். முன்னால் போகிறவர் வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே மூன்று கிலோமீட்டர் நேராகப் போகிறார். ஆபீசில் வேறு கதை. வாட்ஸாப்பில் "சார்" என்று ஒற்றை வார்த்தை வரும், அப்புறம் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. எக்ஸெல் ஷீட்டைத் திறந்தால் பார்கோடு நெடுவரிசையில் வரிசையாக 8.9இ+12 என்று நிற்கும். நம்ம ஆளுகளுக்கு அடுத்தவனைப் பற்றிய நினைப்பே கிடையாது, இது திருந்தவும் திருந்தாது என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அந்த ஷீட்டை அனுப்புகிறவர் என்னைவிட வயதில் மூத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. "அடுத்தவனைப் பற்றிய நினைப்பே கிடையாது" என்பதோடுதான் சண்டை. ஸ்டாண்டை எடுக்க மறந்து நாளைக்குக் காலையில் வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். இருநூறு மீட்டர் போவதற்குள் யாராவது ஒருவர் "அண்ணா, ஸ்டாண்டு!" என்று கத்துவார். பேருந்து ஜன்னலிலிருந்துகூடக் கை நீளும். ஒரு பெண்ணின் துப்பட்டா பின்சக்கரத்துப் பக்கம் பறந்தால், விரட்டிப் போய் "அக்கா, ஷாலு ஷாலு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் இதே ஊர்க்காரர்கள்தான். உங்கள் கண்ணில் பிரைட்டை அடிப்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ஸ்டாண்டு வெளியே தெரிகிறது. அதைச் சொல்ல ஒரு சொல் இருக்கிறது, சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை செய்கிறவர் கண்ணுக்கே தெரியாதவை. எனவே ஒவ்வொன்றும் எங்கே மறைந்து நிற்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலையாகப் படுகிறது.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம், இதில்தான் சரக்கு அதிகம். எதிரே வருகிறவருக்கு நீங்கள் ஒரு தடவை லைட் அடித்துக் காட்டியிருப்பீர்கள். உடனே அவர் அதைவிடப் பெரிய வெளிச்சத்தைத் திருப்பி அடித்திருப்பார். அப்படியானால் அவர் அதுவரை டிம்மில்தான் வந்துகொண்டிருந்தார். டிம்மே உங்கள் கண்ணைக் குத்துகிறது, அவ்வளவுதான். காரில் போடும் எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே நகத்தளவில் ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைத்துவிடும். மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் திரும்பி ரோட்டைப் பார்த்து விழும். பைக்குகளின் 35/35 வாட் பல்பிலும் இதே ஏற்பாடுதான். டிம் என்றால் மங்கலான வெளிச்சம் என்று பொருள் இல்லை. வெளிச்சம் கழுத்தைக் குனிந்துகொள்கிறது.

இப்போது அந்தக் கம்பி இழை பல்பைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய எல்இடி பல்பை அதே டூமில் (விளக்குக் கூட்டில்) சொருகினால் என்ன ஆகும்? ரிஃப்ளெக்டரின் வளைவு, இழை இருக்கும் புள்ளிக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடி சில்லு அதே புள்ளியில் உட்காராமல் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும், பல்பைக் கொஞ்சம் திருகலாக மாட்டினாலும், வெளிச்சம் கோடு தாண்டி மேலே சிதறும். ஓட்டுகிறவருக்கோ ரோடு பளிச்சென்று தெரியும். "சூப்பர் லைட்டுண்ணா" என்று அவர் நண்பருக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பார். கம்பெனியிலேயே எல்இடியோடு வருகிற விளக்கு வேறு, அதன் ஒளியமைப்பு அந்தச் சில்லுக்காகவே செய்தது. தொல்லை இந்தச் சொருகல் வேலையில்தான்.

இரண்டாவது காரணம் டூம் தூக்கி நிற்பது. கீழே விழுந்து எழுந்த வண்டி, பின்னால் இரண்டு பேரை ஏற்றிய வண்டி எல்லாவற்றிலும் மூக்கு மேலே போயிருக்கலாம். உங்கள் வண்டியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ஏற்றிப் போகும் ஆளையும் உட்கார வைத்து, நீங்களும் ஏறி உட்காருங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று இன்னொருவரை அளக்கச் சொல்லி, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு என்பது பொதுக்கணக்கு. வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பெரும்பாலான பைக்குகளில் டூமுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினால் போதும். பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்திக் கையால் சாய்க்கிற மாடலும் உண்டு. காராக இருந்தால் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0, பின்சீட்டும் டிக்கியும் நிறைந்திருந்தால் எண்ணைக் கூட்ட வேண்டும். கார் வாங்கி ஐந்து வருடமாகியும் அந்தச் சக்கரத்தைத் தொடாதவர்கள் நிறைய.

கூச்சத்தில் ஒரு பங்கு உங்கள் ஹெல்மெட்டிலும் இருக்கலாம். வைசரைச் சட்டை நுனியால் வறட்டுத் துடைப்பாகத் துடைத்துத் துடைத்து மயிரிழைக் கீறல்கள் விழுந்திருக்கும். பகலில் அவை தெரியாது. ராத்திரி ஒவ்வொரு விளக்கும் அதில் பட்டு நட்சத்திரமாக வெடிக்கும். தண்ணீர் விட்டுச் சோப்பு நுரையால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கீறல் விழுந்துவிட்டால் புது வைசர்தான் வழி. ராத்திரிக்குக் கறுப்பு வைசர் ஆகவே ஆகாது.

எதிர்வண்டி பிரைட்டை இறக்கவே இல்லையென்றால் ஒரு தடவை மட்டும் லைட்டைத் தட்டிக் காட்டுங்கள். பிறகு பார்வையை இடப்பக்க வெள்ளைக்கோட்டுக்கோ மண் ஓரத்துக்கோ மாற்றி, வேகத்தைக் குறையுங்கள். பழிக்குப் பழி பிரைட் மட்டும் வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு செகண்டுக்கு 17 மீட்டர் போகிறோம். அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே கண் தெரியாமல் போவதால் யாருக்கு லாபம்? இன்னொன்று: 2017 ஏப்ரல் முதல் வருகிற பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். "அது தானா எரியுது, நான் என்ன பண்ண" என்று சிலர் நினைக்கிறார்கள். தானாக எரிவது விளக்கு மட்டும்தான். டிம்மா பிரைட்டா என்பது இடது கட்டைவிரலில் இருக்கிறது. மீட்டரில் நீல விளக்கு எரிந்தால் பிரைட்.

இண்டிகேட்டர் அணைக்காதவரும் இதே ஜாதி. காரில் ஸ்டியரிங் திரும்பி நேரானதும் கம்பு தானாக விழும். பைக்குகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது, பொத்தானை உள்பக்கம் அழுத்தினால்தான் அணையும். வெயிலில் மீட்டரில் சிமிட்டும் பச்சை கண்ணுக்குத் தெரியாது. டிக் டிக் சத்தம் இருந்தாலும் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அவ்வப்போது அந்தப் பொத்தானை ஒருதரம் அழுத்திவிடும் பழக்கம் ஓட்டுகிறவருக்கு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பின்னால் போகிற நீங்கள் அவர் பக்கத்தில் வந்து ஐந்து விரலையும் மூடித் திறந்து காட்டுங்கள், புரிந்துகொள்வார். ஆனால் லாரியின் வலது இண்டிகேட்டரை நம்பி மட்டும் ஏறிவிடாதீர்கள். "ஏறிப் போ" என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள், "நான் வலதுபக்கம் திரும்பப் போகிறேன்" என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள். லாரியின் முன்சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எதிரே ரோடு காலியா என்று பார்க்காமல் போகக்கூடாது. நாலுரோட்டில் நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுகிறவர்கள் இன்னொரு வகை. நடுவில் ஒரு வண்டி மறைத்தால் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டுமே தெரியும். அவர் "இவர் திரும்புகிறார்" என்று நினைத்து உள்ளே வருவார்.

சிக்னல் ஹாரனுக்கு மட்டும் நான் இரங்குவதாக இல்லை. பச்சை விழுந்ததும் முதல் வண்டி நகர ஒன்றிரண்டு செகண்ட், அதன்பின் ஒவ்வொரு வண்டிக்கும் ஏறத்தாழ ஒரு செகண்ட். பத்தாவதாக நிற்பவர் எவ்வளவு அழுத்தினாலும் பத்து செகண்டுக்கு முன் அசைய முடியாது. இது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் அழுத்துகிறார்கள். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1000 ரூபாய், மறுபடி அடித்தால் 2000 என்று 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194எஃப் என்ற பிரிவையே சேர்த்தார்கள். பஸ்களின் பாட்டு ஹாரனுக்கு அதற்கும் முந்தைய விதியிலேயே தடை உண்டு. வளைவிலும், முந்தும்போதும் அடிக்கிற சின்ன ஹாரன் வேறு விஷயம், அது பேச்சு.

இனி ஆபீஸ். அந்த ஒற்றைச் "சார்" மரியாதையிலிருந்து வருகிறது. வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே காரியத்தைச் சொல்வதில்லையே. ஆள் இருக்கிறாரா என்று ஒரு குரல் கொடுப்பார். நேரில் அது அழகு. போனில் அது உங்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, பதிலுக்கு "சொல்லுங்க" என்று எழுத வைத்து, அப்புறம் காக்கவும் வைக்கிறது. மரியாதையையும் காரியத்தையும் ஒரே மெசேஜில் போடலாம்: "வணக்கம் சார். ஸ்டைல் 4412, எம் சைஸில் 200 பீஸ் குறைகிறது. நாளைக் காலை 10 மணிக்குள் கிடைக்குமா? இல்லையென்றால் பையருக்கு இன்றே சொல்ல வேண்டும்." எது, எவ்வளவு, எப்போதுக்குள், இல்லாவிட்டால் என்ன என்ற நான்கும் அதில் இருக்கின்றன. நீங்கள் இப்படி அனுப்ப ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் பாதிப் பேர் இதே வடிவத்தில் பதில் எழுதுவார்கள். வாய்ஸ் மெசேஜில் அளவும் எண்ணும் சொல்கிறவர்களிடம் எண்ணை மட்டும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். லேபிள், பிரிண்ட் போட்டோக்களை "டாக்குமெண்ட்" வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்து கலங்கிப்போகும்.

8.9இ+12 விஷயத்தில் அந்தப் பெரியவர் மேல் தவறே இல்லை. எக்ஸெல் எந்த எண்ணையும் கணக்குப் போடத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கும். பொது அமைப்பில் 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் இப்படிச் சுருக்கிக் காட்டும். பார்கோடு 13 இலக்கம் என்பதால் ஷீட்டுக்குள் எண் முழுசாகத்தான் இருக்கிறது. "நம்பர்" அமைப்புக்கு மாற்றி தசமத்தை 0 ஆக்கினால் தெரிந்துவிடும். ஆபத்து அடுத்த படியில். அப்படியே சிஎஸ்வியாக (அமைப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்து ஃபைலாக) சேமித்தால் எக்ஸெல் திரையில் தெரிவதைத்தான் எழுதும். கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப வராது. அந்த ஃபைல் லேபிள் அடிக்கிற இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பரின் முன்னால் நிற்கும் சுழியம் காணாமல் போவதும் இதே நோய்தான். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம், 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் சுழியமாகிவிடும்.

தேதியில் இன்னொரு கண்ணி. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 03/04 என்று அடித்த ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். 13/04 தேதியாகவே ஏறாது, எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் அந்த ஷீட்டை நம்பாதீர்கள். வலப்பக்கம் ஒட்டுவதுதான் தேதி. சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் எக்ஸ்-ஃபேக்டரி தேதியை "03-ஏப்ரல்" என்று மாதப் பெயரோடு எழுதினால் குழப்பம் இல்லை. தலைப்புக்காகக் கட்டங்களை மெர்ஜ் செய்வதால் சார்ட் செய்ய முடியாமல் போகிறது. கன்ட்ரோல் 1 அழுத்தி, அலைன்மெண்ட் பக்கத்தில் ஹாரிசாண்டலில் "சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்" கொடுத்தால் பார்வைக்கு அதே அழகு, கட்டங்கள் சேராது.

மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சொல்லவே வேண்டாம். ஒரு காலி ஷீட்டைத் தயார் செய்யுங்கள். பார்கோடு, பிஓ, கணக்கு எண் நெடுவரிசைகள் மூன்றையும் எதுவும் அடிப்பதற்கு முன்பே "டெக்ஸ்ட்" ஆக்குங்கள். அடித்த பிறகு மாற்றினால் பலன் இல்லை. தேதி நெடுவரிசையில் டேட்டா வேலிடேஷன் போட்டு, இந்த சீசனின் தேதிகளை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். தலைப்பு வரிசையைப் பூட்டிவிடுங்கள். "அண்ணா, பையர் இந்த ஃபார்மட்டில் இருந்தால் சரிபார்க்கச் சுலபம் என்கிறார்கள், இதிலேயே போட்டுத் தருகிறீர்களா" என்று கொடுங்கள். பையர் மேல் பழியைப் போடுவது திருப்பூரில் யாருக்கும் புதிதல்ல. வேறு ஷீட்டிலிருந்து ஒட்டும்போது "பேஸ்ட் வேல்யூஸ்" மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய அமைப்பும் கூடவே வந்து நீங்கள் போட்ட டெக்ஸ்ட்டை அழித்துவிடும்.

அன்புடன்.