வலி இல்லை என்று ஸ்டென்ட்டை மறந்துவிடலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 44. சென்ற ஆண்டு கர்ப்பப்பையை அகற்றிய பிறகு, இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுருங்கிவிட்டது. புற்றுநோய் இல்லை என்று சொல்லி டி.ஜே. ஸ்டென்ட் வைத்து, மூன்று மாதத்தில் வரச் சொன்னார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது வலி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: விடக் கூடாது. இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

ஸ்டென்ட் என்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய குழாய். மேல்முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் சுருண்டு நிற்கும். கத்தி படாமல், சிறுநீர் வரும் வழியாகவே வைத்துவிடுகிறோம். ஆனால் சிறுநீரில் எந்நேரமும் நனைந்து கிடக்கிற பொருள் அது. உப்புத் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இதன் மேலும் உப்பு படியும். என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் மறந்துவிட்டார். எக்ஸ்ரேயில் கீழ்ச்சுருளைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவுக்குக் கல். "வலியே இல்லையே டாக்டர்" என்றுதான் அவரும் சொன்னார். சில நிமிடங்களில் உருவி எடுக்க வேண்டியதற்கு இரண்டு அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் சிறுநீருக்கு வழி விட்டுச் சிறுநீரகத்தைக் காக்கிறது. சுருக்கம் அதனால் மட்டும் குணமாகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சுருக்கத்தின் நீளம் எவ்வளவு? அந்தச் சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது? இரண்டாவதற்கு ரீனோகிராம் என்ற ஸ்கேன் பதில் சொல்லும். சுருக்கம் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பலூனால் விரிக்கலாம், அல்லது லேசரால் கீறிவிடலாம். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் ஸ்டென்ட் வைத்து, எடுத்த பின் மறுபடி ஸ்கேன் பார்ப்போம். நீளமாக இருந்தாலோ மீண்டும் சுருங்கினாலோ அறுவை சிகிச்சைதான். கர்ப்பப்பை அறுவைக்குப் பின் வரும் சுருக்கம் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்கு அருகிலேயே இருக்கும்; குழாயை அங்கே வெட்டிச் சிறுநீர்ப்பையில் புதிதாக இணைத்துவிடலாம். நல்ல பலன் தரும் சிகிச்சை அது. வருடக்கணக்கில் ஸ்டென்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, 44 வயதுக்காரருக்கு நான் அதையே சொல்வேன்.

ஸ்டென்ட் இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வருவதும், கழிக்கும்போது விலாவில் சுருக்கென்பதும், வேலை செய்த நாளில் சிறுநீர் சற்றே சிவந்து போவதும் சகஜம். மாத்திரையில் குறையும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.