தினம் ஒரு சொல்லும் பேசாமல் போன தோழியும்

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் குழு வைத்திருக்கிறோம். பல மாதங்களாகத் தினமும் காலையில் ஓர் அரிய தமிழ்ச் சொல்லைப் பொருளோடு போட்டுவருகிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் ரசித்தார்கள். போன மாதம் ஒருத்தி ‘வேலை போயிடுச்சுடி’ என்று இரவில் எழுதியிருந்தாள். அதைப் பார்க்காமலேயே காலையில் நான் ‘மம்மர்’ என்று போட்டுவிட்டேன். மற்றவர்களும் அந்தச் சொல்லைப் பற்றியே பேசினார்கள். அன்றிலிருந்து அவள் குழுவில் வாயே திறப்பதில்லை. இன்னொருத்தி என்னை ‘அகராதி’ என்றே கூப்பிடுகிறாள். கிண்டலா, கோபமா தெரியவில்லை. சொற்களுக்குத் தனிக்குழு தொடங்கட்டுமா, அல்லது நிறுத்திவிடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பட்டப்பெயரை முதலில் முடித்துவிடலாம். அகராதி என்பது சொற்பொருள் நூல். ‘அகராதி பிடித்தவள்’ என்றால் யாருக்கும் அடங்காதவள். உங்கள் தோழி இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார். முகத்துக்கு நேரே கிண்டல் செய்கிறவரைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர் எங்கேயும் போய்விடவில்லை.

வேலை போனவர்தான் விஷயம். குழுவில் மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் மற்றவர்களும் ‘ஐயோ, நானும்தான் கவனிக்கல’ என்று வரிசையாக வருவார்கள். எல்லோரையும் சமாதானப்படுத்துகிற வேலை அவர் தலையில் விழும். போன் செய்யுங்கள். ‘அன்னிக்கு நீ எழுதினதைப் பாக்காமப் போட்டுட்டேன்டி. எப்படி இருக்கே?’ இவ்வளவு போதும். வேறு வேலை கிடைத்ததா என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம், அவராகச் சொல்லட்டும். மம்மர் என்றால் மனக்கலக்கம், அவர் நிலைமைக்குப் பொருத்தமாகத்தானே அமைந்தது என்று சொல்ல நாக்கு நமநமக்கும். சொல்லிவிடாதீர்கள்! போனை எடுக்கவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடுங்கள்.

தனிக்குழு வேண்டாம். உங்கள் முகத்துக்காகச் சேருவார்கள், சேர்ந்த கையோடு மியூட்டில் போடுவார்கள். பழைய குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் குட்மார்னிங் படமும்தான் மிஞ்சும்.

சொற்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தினமும் ஒன்று என்று நீங்கள் வைத்துக்கொண்ட கணக்குதான் சிக்கல். அந்தக் கணக்கு இருக்கிறவரை, குழுவில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே போடத் தோன்றும். முதலில் யாராவது எதையாவது எழுதட்டும். அதற்கு ஏற்ற சொல் ஒன்று நினைவுக்கு வந்தால், அந்தச் செய்திக்கே பதிலாகப் போடுங்கள். துணியே போடாமல் வாஷிங் மெஷினை ஓடவிட்டதாக ஒருத்தி எழுதுகிறாளா? ‘இதுக்குத்தான் வள்ளுவர் பொச்சாவாமைன்னு ஒரு அதிகாரமே எழுதி வெச்சார்’ என்று சொல்லலாம். பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை. குறளில் 54-ஆம் அதிகாரம். அடுத்த முறை சாவியைத் தொலைத்தவர், நீங்கள் எடுத்துக்கொடுக்காமலே ‘இன்னிக்கும் பொச்சாப்பு’ என்று எழுதக்கூடும். கணவரோடு சண்டை என்று வந்தால், புலவியா துனியா என்று கேளுங்கள். சிறு பிணக்கு புலவி, முற்றிப்போனால் துனி. பதில் ‘துனி’ என்று வந்தால் அகராதியை மூடிவிட்டுப் போனை எடுங்கள்.

இன்னொன்று, எப்போதும் நீங்களே கற்றுக்கொடுப்பவராக இருக்கிறீர்கள். கொஞ்சம் கேட்டுப்பாருங்கள். ‘சீக்கிரமா வா’ என்பதை அவரவர் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? வெரசா, சுருக்கா, கெதியா, வெள்ளென என்று ஆளுக்கொன்று வரும். வெள்ளென என்பது விரைவா, பொழுதோடு வருவதா என்று ஒரு சண்டைகூட மூளலாம், மூளட்டும். வேலையைப் பற்றிப் பேச விரும்பாத தோழிக்கும் பாட்டி சொல்லிக் கேட்ட ஒரு சொல்லை எழுதுவது சுலபம்.

‘அரிய சொற்கள்’ என்று சுற்றிவரும் பட்டியல்களை அப்படியே அனுப்பாதீர்கள். ஞெகிழி என்றால் பிளாஸ்டிக் என்று வரும். அது இன்றைய பயன்பாடு, பழைய நூல்களில் ஞெகிழி கொள்ளிக்கட்டை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் வந்த பின்னிணைப்பையும் சேர்த்தால் லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எந்த நூலில் வருகிற சொல் என்ற குறிப்பும் பல இடங்களில் இருக்கும். இன்றைய வழக்குக்கு, 1992-இல் முதல் பதிப்பு கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு கிடைக்கிறது. இந்த இரண்டு அகராதிகளில் எனக்குப் பிடித்தது க்ரியாதான். ஒரு சொல்லை எந்த இடத்தில் போட்டுப் பேசுவது என்று வாக்கியத்தைப் பார்த்தால்தான் பிடிபடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் தினம் ஒன்று போடாவிட்டால் கை அரிக்கும் என்றால், ஸ்டேட்டஸில் போடுங்கள். 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். வேண்டியவர் பார்ப்பார், மற்றவர் தள்ளிவிட்டுப் போவார். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள்.