பதில்: எல்கார்ட் கவுண்டியில் உடனே வீடு வாங்கலாமா?

வணக்கம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் கவுண்டியில் ஆர்வி (RV, வீடு போல வசதிகள் கொண்ட சுற்றுலா வண்டி) தொழிற்சாலை ஒன்றில் உங்கள் கணவருக்கு வேலை, அங்கே வேலையின்மை விகிதமும் குறைவு, அதனால் வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் யோசனை, முதல் வருடம் வாடகைக்கே இருங்கள்.

வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் அந்த ஊர் பிடிபடாது. 2009 தொடக்கத்தில் அதே கவுண்டியில் அது 15 சதவீதத்தைத் தாண்டியது. ஒபாமாவே நேரில் வந்து பேசினார். 2018இல் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. காரணம் எளிது: ஆர்வி என்பது பெரும்பாலும் கடனில் வாங்கும் ஆடம்பரப் பொருள். வட்டி ஏறினால் முதலில் அடிவாங்குவது அதுதான். 2021இல் வட அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வண்டிகள் ஆலையை விட்டு வெளியேறின. 2023இல் ஏறக்குறைய 3.13 லட்சம்தான்.

தொழில்வாரிக் கணக்குக்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் காலாண்டு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 336 என்ற குறியீட்டில் இருப்பதுதான் போக்குவரத்து வாகன உற்பத்தி. ஆனால் அது பல மாதம் பிந்தித்தான் வரும். ஆலைகளிலிருந்து எத்தனை ஆர்வி அனுப்பப்பட்டன என்ற மாதாந்தரக் கணக்கு அதைவிட முன்னதாகவே நிலவரத்தைச் சொல்லிவிடும். அப்புறம், ஜன்னல், சக்கர அச்சு, மெத்தை செய்யும் உள்ளூர் ஆலைகளைத் தனித்தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆலைகளும் ஆர்வியை நம்பித்தான் ஓடுகின்றன.

வாங்கியே தீருவேன் என்றால் அதே கவுண்டியிலுள்ள கோஷன் பக்கம் பாருங்கள். தெற்கே அடுத்த கவுண்டியிலுள்ள வார்சா, செயற்கை மூட்டு செய்யும் ஊர். அந்தத் தொழிலில் இத்தனை ஏற்ற இறக்கம் இல்லை. ஆர்வி வேலை போனாலும், கோஷனிலிருந்து தினமும் அங்கே வேலைக்குப் போய்வரலாம்.