ஓசூர், தளிப் பக்கம் அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கு மாதிரி வைன் திராட்சை வளர்க்க முடியுமா?

கேட்டவர் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறில் நிலம் தேடுகிறவராகத்தான் இருப்பார். 'தளி குட்டி இங்கிலாந்து' என்று புரோக்கர் யாராவது சொல்லியிருப்பார். பாகலூர் பக்கம் எங்கள் வீட்டில் பெங்களூர் புளூ என்கிற கறுப்புத் திராட்சைப் பந்தல் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். விவசாயக் கல்லூரிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

குளிர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கீழே கிருஷ்ணகிரி 500 மீட்டர்தான். ஆனால் திராட்சைக்கு மழை எந்த மாசம் பெய்கிறது என்பதுதான் கணக்கு. கலிபோர்னியாவில் நாபாவுக்கு மேற்கே மயாகமாஸ் மலை, கிழக்கே வாகா மலை. மழையெல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்தில், கொடி இலை உதிர்த்துத் தூங்கும்போதே பெய்து தீர்ந்துவிடும். காய் பழுக்கிற கோடையில் அநேகமாக மழையே இல்லை. பகலில் வெயில் காயும். ராத்திரி தெற்கே சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து மூடுபனி ஏறி வரும். அதனால் அங்கே தெற்கு முனையான கார்னெரோஸ்தான் குளிர், வடக்கே காலிஸ்டோகா சூடு.

நமக்கு மே மாசமே கோடை மழை, அப்புறம் தென்மேற்கு, செப்டம்பர் அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். கொடியும் தூங்காது, கவாத்து வெட்டினால் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் புளூவில் வருஷம் இரண்டு காய்ப்பு எடுக்கிறோம்.

ஒரு அக்டோபரில் பழம் நன்றாகக் கறுத்து நின்றது. வியாபாரி "திங்கட்கிழமை வண்டி அனுப்புறேன்" என்றார். மாமனார் சரி என்றார். அந்த வாரம் விடாத மழை. காம்படியில் பழம் வெடித்து, சாறு கசிந்து, குலையெல்லாம் ஈ. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை, அடிச்சாம்பல் நோய். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிப்போம், ராத்திரி மழை கழுவிக்கொண்டு போய்விடும். (அந்தக் கலவையே பிரான்சில் வைன் தோட்டக்காரர்கள் ஊரான போர்டோவில் வந்ததுதான்.) கடைசியில் வந்த வியாபாரி, நல்ல குலைக்கும் சேர்த்துக் கழிவு போட்டு எடையைக் குறைத்தார். தாமதம் யாருடையது என்று கேட்டதற்கு, "மழை நானா பெய்ய வச்சேன் அம்மா?" என்றார். தடித்த தோலுள்ள புளூவுக்கே இந்த கதி. கேபர்னே போன்ற வைன் ரகம் என்ன பாடு படுமோ.

நந்தி மலைப் பக்கம் வைன் ரகம் போடுகிறார்களே என்பீர்கள். போடுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் கவாத்து வெட்டி, மழையில்லாத பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் அறுக்கிற மாதிரி வருஷத்துக்கு ஒரே அறுப்பு. அதற்குப் பொறுமையும் சொட்டுநீருக்குப் போர் தண்ணீரும் இருந்தால் நீங்களும் போடலாம்.

தண்ணீர் என்றதும் வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்து நிலத்தைப் பிளாட் போட்டு, 'திராட்சைத் தோட்ட வில்லா' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு கொடி கூட இல்லை. புல்தரைக்குத் தண்ணீர் விட எங்கள் வேலியோரமே போர் போட்டார்கள்; இப்போது எங்கள் மோட்டார் பாதி நேரம் காற்றைத்தான் இழுக்கிறது.