மாலையில் கூட்டிப்போனாலும் நாய்க்குக் கால் சுடுகிறது, ஷூ வாங்கலாமா?

கும்பகோணத்தில் லாப்ரடார் வளர்க்கிறீர்கள், வெயிலுக்குப் பயந்து மாலை ஐந்தரைக்குத்தான் வெளியே கூட்டிப்போகிறீர்கள், அப்படியும் பாதி வழியில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஷூவை அப்புறம் பார்க்கலாம். முதலில் நேரத்தை மாற்றுங்கள். கோடை முடியும் வரை மாலை நடை வேண்டாம், விடியற்காலையில் போங்கள்.

வெயில் தாழ்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். ஆனால் தார் ரோடு பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். செய்தியில் சொல்லும் 38 டிகிரி, நிழலில் அளந்த காற்றின் சூடு. அதே நாளில் உச்சி வெயிலில் கிடக்கும் தார் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில நொடிகள் போதும். நம் பக்கம் உளுந்தையும் நெல்லையும் ரோட்டில் கொட்டிக் காயவைப்பதே இந்தச் சூட்டை நம்பித்தானே? இரவு முழுக்க ஆறிக் கிடக்கும் விடியற்காலையில்தான் ரோடு நாய்க்கு ஏற்றது. மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

மாலையில் வெளிக்குப் போகக் கூட்டிப்போய்த்தான் ஆகவேண்டும் என்றால், புறங்கையை ரோட்டில் அழுத்தி ஏழு நொடி வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயை அதில் இறக்காதீர்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது, அதில் சூடு சரியாகத் தெரியாது. வீட்டு வாசல் நிழலில் பார்ப்பதும் பயன்படாது, நீங்கள் நடக்கப்போகும் இடத்தில் பாருங்கள். புதிதாகப் போட்ட கறுப்பு ரோடுதான் மிக மோசம். சிமெண்ட் ரோடு கொஞ்சம் தேவலை, ஆனால் அதுவும் சுடும்.

"தெருநாயெல்லாம் செருப்புப் போட்டுக்கொண்டா நடக்குது?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். எனக்கு வருத்தம் தரும் கேள்வி இது. தெருநாய் மத்தியானத்தில் முடிந்தவரை நடப்பதே இல்லை. லாரிக்கு அடியிலோ அடிபம்பு ஈரத்திலோ படுத்துக்கிடக்கும், ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் நிழல் பார்த்து ஓடிவிடும். கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போகும் நாய்க்கு அந்த வழி கிடையாது. நாம் போகும் பக்கம்தான் வரும், சுட்டாலும் வரும். அது காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அடம் என்று நினைத்து இழுக்காதீர்கள்.

ரோட்டை விட்டு வாய்க்கால் கரைக்கோ புல் உள்ள வரப்புக்கோ போக முடிந்தால் ரொம்ப நல்லது. நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் இருக்கும், திரும்பியதும் விரல் இடுக்கில் பார்த்துவிடுங்கள். ஆற்றுக்குள் இறக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வரை அங்கே காய்ந்த மணல்தான், வெயில் ஏறினால் அதுவும் ரோட்டைப் போலவே சுடும்.

சரி, ஷூ. வாங்குவதென்றால் நாயை நிற்க வைத்து, பாதம் விரிந்த நிலையில் அகலத்தை அளந்து வாங்குங்கள். ரப்பர் அடியும் காற்றுப் புகும் மேல்துணியும் இருக்கட்டும். முதலில் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்குங்கள். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும், அதனால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். பழைய சாக்ஸும் தேங்காய் எண்ணெயும் சூட்டைத் தடுக்காது. இளகிய தார் பாதத்தில் ஒட்டிக்கொண்டால் மட்டும் எண்ணெய் உதவும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது.

இன்றைக்கே உங்கள் நாயின் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். தோல் வழக்கத்தைவிடக் கறுத்தோ சிவந்தோ, கொப்புளமாகவோ, உரிந்தோ இருந்தால் வெந்திருக்கிறது என்று அர்த்தம். விடாமல் நக்குவதும் நொண்டுவதும் அதே அறிகுறிதான். சுட்ட உடனே என்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிஷமாவது ஊற்றுங்கள். ஐஸ், மஞ்சள், பற்பசை, நமக்கான தீப்புண் களிம்பு எதுவும் வேண்டாம், தடவியதையெல்லாம் நக்கி விழுங்கிவிடும். நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் கூம்பு வடிவப் பட்டை மாட்டி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரோட்டில் நடத்தாமல், தூக்கியோ ஆட்டோவிலோ கொண்டுபோங்கள்.