வாங்கும் முன், விற்கும் முன்: ஐரோப்பாவில் வயர்லெஸ் கருவிகள்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா குழந்தை மானிட்டர் வாங்கி வந்தார். பெட்டியில் 'டெக்ட் 6.0' (கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி முறை) என்று இருக்கிறது. அடாப்டர் மாற்றினால் போதுமா? (பெர்லின்)

பதில்: போதாது, பயன்படுத்தாதீர்கள். அது 1920–1930 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். ஐரோப்பாவில் டெக்ட்டுக்கு 1880–1900தான். 1920க்கு மேலே, கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம்.

கேள்வி: தோட்டத்தில் மண்ணின் ஈரம் அளக்க, குறைந்த சக்தியில் நெடுந்தூரம் அனுப்பும் லோரா மாட்யூல் வாங்கினேன். அனுப்பும் சக்தி 20 டிபிஎம். '868/915' என்று போட்டிருந்தது. தூரம் எட்டவில்லை என்று, அலையை ஒரு பக்கம் குவித்துப் பெருக்கும் 8 டிபிஐ ஆன்டெனா மாட்டினேன். எஸ்எஃப்12-இல் (மிக மெதுவாக, மிகத் தொலைவுக்கு அனுப்பும் அமைப்பு) பத்து வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. சரிதானே? (துலூஸ்)

பதில்: இல்லை. சக்தி, நேரம் இரண்டுமே வரம்பைத் தாண்டிவிட்டன.

முதலில் சக்தி. 868.0–868.6 மெகாஹெர்ட்ஸில் 25 மில்லிவாட், அதாவது 14 டிபிஎம் வரை அனுமதி. இது சிப் தரும் சக்தி அல்ல, ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் சக்தி. அரை அலை டைபோல் என்ற எளிய ஆன்டெனாவோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவது. டைபோலின் 2.15-ஐக் கழித்தால் உங்கள் 8 டிபிஐ ஆன்டெனா 5.85 டெசிபெல் கூட்டுகிறது. ஆகவே மாட்யூலில் 8 டிபிஎம்தான் வைக்கலாம். கேபிளில் 1 டெசிபெல் இழப்பு இருந்தால் 9. இருபதிலேயே விட்டிருந்தால் சுமார் 385 மில்லிவாட் போகிறது, வரம்பைப் போலப் பதினைந்து மடங்கு! தூரம்தான் வேண்டுமென்றால் நல்ல ஆன்டெனாவைக் கேட்கும் பக்கத்தில், உயரத்தில் வையுங்கள். கேட்பதற்கு வரம்பு கிடையாது.

அடுத்து நேரம். அந்தப் பட்டையில் 1 சதவீத நேரம்தான் அனுப்பலாம், அதாவது மணிக்கு 36 வினாடி. எஸ்எஃப்12-இல் பத்து பைட் தரவுள்ள ஒரு லோராவான் (லோரா வலையமைப்பு) செய்தி சுமார் 1.5 வினாடி எடுக்கும். மணிக்கு 24 செய்தியோடு கணக்கு முடிந்தது. நீங்கள் அனுப்புவது 360. வேகமான எஸ்எஃப்7-இல் அதே செய்தி 0.06 வினாடிதான். மண்ணின் ஈரம் பத்து வினாடியில் மாறிவிடுமா? கால் மணிக்கு ஒருமுறை போதும். 868.7–869.2க்குத் தாவலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே 0.1 சதவீதம்தான். 869.4–869.65-இல் 500 மில்லிவாட்டும் 10 சதவீதமும் உண்டு, ஆனால் பட்டை குறுகல், கேட்வேக்களும் (செய்திகளை வாங்கி இணையத்துக்குக் கடத்தும் நிலையங்கள்) அங்கே பதில் அனுப்புவதுண்டு.

மென்பொருளில் பிராந்தியம் ஈயூ868 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 915 அமெரிக்காவுக்கு உரியது. இங்கே அது கைபேசிப் பட்டையின் விளிம்பு. '868/915' என்று விற்ற ஆன்டெனாவை நானும் வாங்கியிருக்கிறேன். அளந்து பார்த்தால் 915-இல் மட்டுமே சரியாக ஒத்திசைந்தது. டிபிஎம்மையும் கிலோமீட்டரையும் கொட்டை எழுத்தில் போடும் கடைகள், நேர வரம்பையும் ஆன்டெனாக் கணக்கையும் ஒரு வரி எழுதினால் என்ன? மீறலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தானே.

கேள்வி: இணையத்தில் வாங்கிய அழைப்பு மணி, பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கெல்லாம் அடிக்கிறது. சிஇ குறி (ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்ற அடையாளம்) உண்டு, தயாரிப்பாளர் பெயர் இல்லை. பார்சல் வந்து பன்னிரண்டு நாள். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (கொலோன்)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். இன்றே மின்னஞ்சலில் 'ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்' என்று எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் சாட்சி இராது. 433 மெகாஹெர்ட்ஸில் எல்லோரும் இருப்பதால், எளிய குறியீடுள்ள மலிவான மணி அயலார் ரிமோட்டுக்கு அடிக்கும். அது மட்டும் விதிமீறல் ஆகாது. பெயர் இல்லாததுதான் மீறல். தயாரிப்பாளர் பெயர், அஞ்சல் முகவரி, மாடல் அல்லது தொகுதி எண், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த பொருளானால் இறக்குமதியாளர் பெயர், கையேட்டில் அதிர்வெண் பட்டையும் உச்ச சக்தியும், இத்தனையும் வேண்டும். படமெடுத்து, ஜெர்மனியின் அலைவரிசைக் கண்காணிப்பு அமைப்பான புண்டெஸ்நெட்ஸாகென்டூருக்கு அனுப்புங்கள். பிரான்சில் இருப்பவர்கள் அங்குள்ள அதே போன்ற அமைப்பான ஏஎன்எஃப்ஆருக்கு.

கேள்வி: சிஇ சான்றிதழ் இரண்டே நாளில் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (மிலான்)

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். சிஇ என்பது தயாரிப்பவர் சோதித்துப் பார்த்து, தன் பொறுப்பில் கையெழுத்திட்டு ஒட்டும் குறி.

கேள்வி: சிஇ உள்ள வைஃபை மாட்யூலை வைத்து 200 கருவிகள் செய்துவிட்டேன். ஆன்டெனா மட்டும் வேறு. இனி சோதனை எதற்கு? (ராட்டர்டாம்)

பதில்: 200 செய்த பிறகா கேட்பது? மாட்யூலின் சிஇ மாட்யூலோடு நின்றுவிடும். உங்கள் பெயரில் விற்றால் தயாரிப்பாளர் நீங்கள். மாட்யூலின் ஈஎன் 300 328 (வைஃபை அலைக்கான ஐரோப்பியத் தரம்) அறிக்கை, அது சோதிக்கப்பட்ட ஆன்டெனா வகைக்கும் சக்திக்கும் மட்டுமே செல்லும். ஆன்டெனாவை மாற்றியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பழைய ஆன்டெனாவே பெட்டிக்குள் பொருந்தினால் அதற்கே திரும்புங்கள், செலவு குறையும். அப்போதும் முழுக் கருவிக்கு மின்காந்த ஒத்திசைவு (மற்றக் கருவிகளுக்கு இடையூறு தராமை), மின்பாதுகாப்பு, வேண்டாத அலைகளின் உமிழ்வு ஆகியவற்றுக்கான சோதனைகள் உண்டு. இணையத்தோடு பேசும் கருவி என்றால் 2025 ஆகஸ்ட் 1 முதல் சைபர் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துவிட்டன. தொழில்நுட்பக் கோப்பைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு கருவியை மட்டும் ஆய்வகத்தில் முன்சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை மீதி 199-ஐ விற்காதீர்கள்.